பரத்பூர் சதுப்பு நிலத்தை சலீம் அலி எப்படிக் காப்பாற்றினார், எங்கே சறுக்கினார்?

ராஜஸ்தானில் உள்ள பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அதன் பக்கத்தில் சில கல்வெட்டுகளைப் பார்க்கலாம். கோயிலுக்கு நிலம் கொடுத்த விவரம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், எந்த விருந்தாளி வந்து, எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பறவைகளைச் சுட்டார்கள் என்கிற பட்டியல் அது. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைக் கல்லில் செதுக்கி வைத்ததுபோல இருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பதிலேயே பெரிய எண் 4,273. ஒரே நாளில். தேதி 1938 நவம்பர் 12. அன்றைய விருந்தாளி வைஸ்ராய் லின்லித்கோ.

அதே தேதியில் சலீம் அலிக்கு 42 வயது ஆனது. இது வெறும் தற்செயல்தான். ஆனால் இன்றைக்கு அதே நவம்பர் 12-ஐ தேசியப் பறவைகள் தினமாகக் கொண்டாடுகிறோம், அதுவும் சலீம் அலி பிறந்தநாள் என்பதற்காக. ஒரே தேதிக்கு இரண்டு அர்த்தங்கள். முதல் அர்த்தத்திலிருந்து இரண்டாவதுக்கு நாடு வந்து சேர்ந்த கதையில் சலீம் அலிக்குப் பெரிய பங்கு உண்டு.

அவரைப் பற்றிப் பள்ளியில் நான்கு வரி படித்திருப்பீர்கள். 'இந்தியாவின் பறவை மனிதர்', ஒரு குருவி, ஒரு பைனாகுலர். அதோடு முடிந்துவிடும். ஆனால் உங்கள் ஊர் ஏரியைக் காப்பாற்றுவது பற்றி எப்போதாவது வாட்ஸ்அப் குரூப்பில் விவாதித்திருந்தால், அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதிதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். ஒரு நீர்நிலைக்கு வேலி போட்டுவிட்டால் வேலை முடிந்ததா, உள்ளே தண்ணீர் எங்கிருந்து வரும், அங்கே காலங்காலமாக மாடு மேய்த்தவர்களை என்ன செய்வது என்கிற கேள்விகள் எல்லாம் பரத்பூரில் ஏற்கெனவே கேட்கப்பட்டவை. சில கேள்விகளுக்குத் தவறான பதில் எழுதப்பட்டு, அதற்கு உயிர்களும் விலையாகப் போயின.

துப்பாக்கியோடு தொடங்கிய பையன்

சலீம் அலி 1896-ல் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தை இறந்துவிட்டார், மூன்று வயதில் தாயும். தாய்மாமா அமீருத்தீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் கேத்வாடியில் இருந்த தங்கள் வீட்டில் குழந்தைகள் எல்லோரையும் வளர்த்தார்கள். மாமா வேட்டைப் பிரியர். அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பையன்களுக்கு இன்றைய வீடியோ கேம் மாதிரி, கையில் ஒரு ஏர் கன்.

பத்து வயது வாக்கில் அவர் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான குருவி மாதிரி இல்லையே என்று மாமாவிடம் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை. பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். சங்கத்தின் கௌரவச் செயலாளர் மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளை அந்தப் பையனுக்குக் காட்டினார். அந்தச் சங்கத்தோடு சலீம் அலிக்கு இருந்த உறவு அப்புறம் அவர் சாகும்வரை விடவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் பிற்காலத்திலும் துப்பாக்கியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பறவை நேசராக மாறிய ஆள் இல்லை. ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பது அன்றைய பறவையியலின் அடிப்படை வேலை. அவரும் அதை எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்தார். உயிரைக் கொல்வதே பாவம் என்கிற இடத்திலிருந்து அவருடைய பாதுகாப்புப் பணி வரவில்லை. ஒரு இனம் எங்கே, எவ்வளவு, எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையிலிருந்து வந்தது. பரத்பூரில் அவர் எடுத்த நிலைப்பாடுகளைப் புரிந்துகொள்ள இது உதவும்.

டிகிரி இல்லை, வேலையும் இல்லை

கல்லூரிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. நடுவில் விட்டுவிட்டு 1914-ல் பர்மாவின் தவோய்க்குப் போனார். அங்கே குடும்பத்துக்கு உல்ஃப்ரம் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. தொழிலைவிடக் காட்டில் திரிந்ததுதான் அதிகம். 1917-ல் பம்பாய் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் ஒரு பக்கம், விலங்கியல் இன்னொரு பக்கம் என்று படித்தார். 1918-ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார்.

1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்பினார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் பயிற்சி. பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, அது எங்கெல்லாம் போகிறது என்று கண்டுபிடிக்கும் முறையை ஹெலிகோலாந்து தீவில் நேரில் பார்த்தார். திரும்பி வந்தபோது 1930. நிதி இல்லை என்று சொல்லி அருங்காட்சியகம் அவருடைய பதவியையே எடுத்துவிட்டிருந்தது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று இருந்தது. முறையான பட்டம் இல்லாததால் அதுவும் கைநழுவியது.

லே-ஆஃப் ஆன ஒருவர் என்ன செய்வார்? செலவைக் குறைப்பார். தெஹ்மினாவின் குடும்பத்துக்கு அலிபாக் அருகே கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் ஒரு வீடு இருந்தது. இருவரும் அங்கே குடிபோனார்கள். பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலை இல்லாத மனிதருக்கு நேரத்துக்குப் பஞ்சமா? மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து சோதித்துப் பார்த்து, பிடித்தால் குடியேறும். ஆண் மீதியை முடித்துவிட்டு, அடுத்த பெண்ணுக்காக இன்னொரு கூட்டை ஆரம்பிக்கும். அதுவரை யாரும் இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்யாத விஷயம் இது. ஆய்வகமும் இல்லை, சம்பளமும் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்தான்.

அடுத்து அவர் வகுத்த திட்டம் எனக்கு இன்னும் பிடித்தது. சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: உங்கள் பகுதியின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம், முகாம் செலவையும் போக்குவரத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் தொடங்கி திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் என்று பட்டியல் நீண்டது. தெஹ்மினாவும் முகாம்களுக்கு உடன் போனார். இந்தியப் பறவைகளுக்கு ஒரு 'டேட்டாபேஸ்' என்று எதையாவது சொல்ல முடியும் என்றால், அதன் முதல் அடுக்கு இப்படித்தான் போடப்பட்டது, ஒரு ஃப்ரீலான்சரின் கையால்.

1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கமூவின் வீட்டில் தங்கி வேலையைத் தொடர்ந்தார். 1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய கையேடு வெளிவந்தது. சாதாரண வாசகரும் படம் பார்த்துப் பறவையை அடையாளம் காணலாம் என்கிற மாதிரியான புத்தகம். சிறையில் இருந்த நேருவிடம் ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் தன் மகள் இந்திராவுக்கு அனுப்பினார். இந்தத் தொடர்பு பின்னால் சதுப்பு நிலங்களுக்குக் கைகொடுத்தது.

(மோட்டார் சைக்கிள் பைத்தியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1950-ல் ஸ்வீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் பைக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பா முழுக்க ஓட்டினார். அப்போது வயது 53.)

பரத்பூர் எப்படி வேலை செய்கிறது?

இப்போது பரத்பூர். இதை இயற்கையான சதுப்பு நிலம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி மனிதன் உருவாக்கியது. அங்கே முதலில் இருந்தது ஒரு பள்ளமான நிலம் மட்டும்தான். 18-ஆம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ்மல் அஜான் அணைக்கரையைக் கட்டியபோது அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கத் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானம் அங்கே வாய்க்கால், கரை, மதகு எல்லாம் அமைத்து, வாத்து வேட்டைக்கான ஏரியாக மாற்றியது. மொத்தப் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். ஒரு நடுத்தர நகரத்துக்குள் அடங்கிவிடும் அளவு. அதற்குள் 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி இவ்வளவு பறவைகள் என்று கேட்பீர்கள். விடை தண்ணீரின் கால அட்டவணையில் இருக்கிறது. பருவமழையில் கம்பீர், பாணகங்கா ஆறுகளின் வெள்ளம் அஜான் அணைக்கு வரும். ஜூலையிலிருந்து மதகுகளைத் திறந்து, கரைகளால் பிரிக்கப்பட்ட பாத்திகளுக்குள் விடுவார்கள். ஆற்று நீரோடு கோடிக்கணக்கில் மீன்குஞ்சுகளும் உள்ளே வரும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. குழாய்த் தண்ணீரை விட்டால் ஏரி நிறையும். மீன் வருமா?

மீன் வந்ததும், நீரின் நடுவே மேடுகளில் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கொக்கு எல்லாம் கூடு கட்டும். ஒரே மரத்தில் பல இனங்கள் மாடி மாடியாக இருக்கும். குஞ்சுகளுக்கு அந்த மீன்தான் சாப்பாடு. அக்டோபருக்கு மேல் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வாத்துகளும் கிளுவைகளும் வந்து இறங்கும். கோடையில் நீர் வற்றும். வற்றுவதும் அவசியம்தான். ஆண்டு முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கும் குட்டை வேறு, நிறைந்து வற்றும் சதுப்பு வேறு. வேடந்தாங்கல் பார்த்தவர்களுக்கு இந்தச் சுழற்சி புதிது இல்லை.

ஆக, வேட்டைக்காக உருவாக்கிய இடம் பறவைகளுக்கும் சொர்க்கம் ஆனது. மகாராஜாவுக்குச் சுடுவதற்கு வாத்து வேண்டும். வாத்து வேண்டும் என்றால் தண்ணீர் வேண்டும். அதனால் வருஷா வருஷம் மதகு தவறாமல் திறந்தது. இந்த முரண்பாட்டை சலீம் அலி நன்றாகவே புரிந்து வைத்திருந்தார்.

வயலாக மாற்றச் சொன்னபோது

1947-க்குப் பிறகு சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. வேட்டை ஏரியின் எதிர்காலம் கேள்விக்குறியானது. உள்ளூரில் ஒரு கோரிக்கை எழுந்தது: சதுப்பை வடித்துவிட்டு நிலத்தை விவசாயத்துக்குக் கொடுங்கள், அஜான் அணை நீரைப் பாசனத்துக்குத் திருப்புங்கள்.

அந்தக் கோரிக்கையை ஏதோ பறவை விரோதிகளின் சதி என்று பார்க்காதீர்கள். நாடு உணவுத் தட்டுப்பாட்டில் இருந்த வருஷங்கள் அவை. ராஜாவின் பொழுதுபோக்குக்காக ஒதுக்கப்பட்ட நீரையும் நிலத்தையும் ஏழை விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருந்தது. பறவைகளுக்கு ஓட்டும் கிடையாது.

சலீம் அலி நேருவிடம் போனார். அந்தச் சதுப்பு ராஜாவின் விளையாட்டு மைதானம் மட்டுமல்ல, கண்டம் விட்டுக் கண்டம் வரும் பறவைகளின் தங்குமிடம் என்று அவர் எடுத்துச் சொன்னதும், மத்திய அரசு தலையிட்டதும்தான் ஏரி வயலாகாமல் தப்பியதற்குக் காரணம். 1956-ல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. ஆனால் ஒரு சமரசத்தோடு: மகாராஜாவுக்கும் அவருடைய விருந்தினர்களுக்கும் வேட்டை உரிமை தொடர்ந்தது. 1972-ல்தான் அது முழுவதுமாக முடிவுக்கு வந்தது. சரணாலயம் என்று பெயர் வைத்த பிறகும் 16 வருஷம் சட்டப்படி துப்பாக்கிக்கு அனுமதி! அன்றைக்கு சலீம் அலிக்கு அவசரம் தண்ணீர்தான். சுடுவதைப் பிறகு நிறுத்திக்கொள்ளலாம். வடித்த ஏரியைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

வளையம் மாட்டிய வருஷங்கள்

ஜெர்மனியில் கற்ற வளையம் மாட்டும் கலையைப் பெரிய அளவில் செய்து பார்க்க அவருக்குப் பணம் கிடைத்தது எதிர்பாராத திசையிலிருந்து. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. கியாசனூர் காட்டுக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். ரஷ்யாவில் ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு வைரஸை அது ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவா என்ற சந்தேகம் எழுந்தது. கோவிட் காலத்தில் வௌவால்கள்மீது எல்லோர் பார்வையும் திரும்பியது நினைவிருக்கிறதா? அந்த மாதிரிதான். உலக சுகாதார நிறுவனம் நிதி கொடுத்தது. சலீம் அலியின் சங்கம் பறவைகளைப் பிடித்து, வளையம் மாட்டி, பறக்கவிட்டது. முக்கியக் களம் பரத்பூர்.

பறவை பிடிக்கும் வேலையைச் செய்தவர்களில் பிகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பாரம்பரியப் பறவை பிடிப்பவர்கள் முக்கியமானவர்கள். சிறகு ஒடியாமல் ஒரு வாத்தைப் பிடிப்பது பல்கலைக்கழகத்தில் சொல்லித்தரும் வித்தை இல்லை. தலைமுறைகளாகச் சந்தைக்குப் பறவை பிடித்த கைகள் இப்போது அறிவியலுக்குப் பிடித்தன. அவர்களைத் தேடி அழைத்து வந்தது சலீம் அலியின் நடைமுறை புத்தி.

நோய்க்கு வலசைப் பறவைகள்தான் காரணம் என்ற சந்தேகம் நிரூபணமாகவில்லை. பின்னர் இந்தத் திட்டத்துக்கு அமெரிக்க ராணுவம் சார்ந்த நிதியும் வந்ததால், 1970-களில் உளவு வேலையா, கிருமிப்போர் ஆராய்ச்சியா என்று நாடாளுமன்றம் வரை சர்ச்சை போனது. சலீம் அலி அதை எதிர்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் தரவு மிஞ்சியது. பரத்பூரில் வளையம் மாட்டிய வாத்துகள் சோவியத் நாட்டின் ஏரிகளில் கிடைத்தன. பரத்பூரின் 29 சதுர கிலோமீட்டர் காய்ந்துபோனால் சைபீரியாவில் எண்ணிக்கை குறையும் என்று சொல்ல இப்போது கையில் ஆதாரம் இருந்தது. நம் கோடியக்கரையிலும் இதே சங்கம் பல வருஷங்கள் வளையம் மாட்டியது. அங்கே வரும் உள்ளான்களும் பூநாரைகளும் உலகக் கவனத்துக்கு வந்ததில் சலீம் அலிக்கும் அவருடைய குழுவுக்கும் பங்கு உண்டு.

இதே காலத்தில் அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்லியோடு சேர்ந்து துணைக்கண்டப் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். 1968-ல் முதல் தொகுதி, 1974-ல் பத்தாவது. 1976-ல் பத்ம விபூஷண். கெட்டி பரிசாகக் கிடைத்த 50,000 டாலரைப் பறவைப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

எருமை விவகாரம்

இனி வருவதைப் பல வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் தாண்டிவிடும். நாம் கொஞ்சம் நிற்போம்.

1981-ல் கேவலாதேவ் ராம்சர் தளமானது. அதாவது, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம். அடுத்த வருஷம் தேசியப் பூங்கா. தேசியப் பூங்கா என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-வது பிரிவின்படி, தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்க்க முடியாது. சரணாலயத்தில் இருந்த இடைவெளி இங்கே இல்லை.

ஆனால் பரத்பூரைச் சுற்றியிருந்த கிராமங்களின் எருமைகளும் மாடுகளும் தலைமுறைகளாக அந்தச் சதுப்பில் மேய்ந்துவந்தவை. பால்தான் பல வீடுகளின் வருமானம். மேய்ச்சல் பறவைகளுக்குக் கெடுதல், நிறுத்த வேண்டும் என்று பல வருஷங்களாக வலியுறுத்தியவர்களில் சலீம் அலியும் அவருடைய சங்கமும் உண்டு. அன்றைய பாதுகாப்பு அறிவியல் உலகம் முழுக்க அப்படித்தான் சொன்னது: மனிதனும் மாடும் வெளியே, காடு தானாகச் சரியாகும்.

1982-ல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. மாற்று ஏற்பாடு எதுவும் தயாராக இல்லை. கிராம மக்கள் எதிர்த்தார்கள். மோதல் ஆனது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தினர் சிலர் செத்துப்போனார்கள். வாத்துகளைச் சுடுவது நின்ற இடத்தில் பத்து வருஷம் கழித்து மனிதர்கள் சுடப்பட்டார்கள். இந்த எண்ணிக்கைக்கு அங்கே கல்வெட்டு இல்லை.

சரி, எருமைகள் போன பிறகு பறவைகள் பெருகினவா?

இதற்கு விடை சொன்னதும் சலீம் அலியின் சங்கம்தான். 1980-ல் அவருடைய தலைமையில் அங்கே ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியிருந்தது. பறவை, மீன், புல், நீர் என்று எல்லாவற்றையும் பத்து வருஷம் தொடர்ந்து அளந்தார்கள். களத்தில் அதை நடத்தியவர் வி.எஸ்.விஜயன். தடை அமலான பிறகு வந்த எண்கள் எல்லோரையும் சங்கடப்படுத்தின. எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஒரு நீர்ப்புல், இப்போது தடையில்லாமல் வளர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. மீன்குஞ்சுகள் நீந்த இடம் குறைந்தது. நீந்தியும் முங்கியும் இரை தேடும் வாத்துகளுக்கு இடம் போனது. வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் ஆள் என்று நினைத்து வெளியேற்றிய எருமைதான், சதுப்பின் பராமரிப்புப் பணியாளராக இருந்திருக்கிறது.

1990-ல் ராம்சர் அமைப்பு, ஆபத்தில் உள்ள தளங்களுக்கான மாண்ட்ரூ பட்டியலில் கேவலாதேவைச் சேர்த்தது. சொல்லப்பட்ட காரணங்களில் தண்ணீர்ப் பற்றாக்குறையோடு மேய்ச்சல் சமநிலை குலைந்ததும் இருந்தது.

ஆய்வின் இறுதி அறிக்கை வந்தபோது சலீம் அலி உயிரோடு இல்லை. 1985-ல் அவரை மாநிலங்களவைக்கு நியமித்தார்கள். அதே வருஷம் அவருடைய சுயசரிதை வந்தது, கேவலாதேவ் உலகப் பாரம்பரியத் தளமும் ஆனது. 1987-ல் 90 வயதில் அவர் காலமானார்.

இந்தத் தவறை எப்படி எடைபோடுவது? அவரை வில்லனாக்கும் பதிவுகள் இணையத்தில் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதேநேரம் 'அந்தக் கால அறிவு அவ்வளவுதான்' என்று தட்டிக்கழிப்பதும் சரியில்லை. தூக்கணாங்குருவி எப்படிக் கூடு கட்டுகிறது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த அதே மனிதர், எருமை அந்த ஏரியில் என்ன செய்கிறது என்பதை அளந்து முடிக்கும் முன்பே முடிவுக்கு வந்துவிட்டார். மேய்ப்பவர்களிடம் கேட்டிருந்தாலே புல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஆனால் தன் நிலைப்பாட்டையே பொய்யாக்கக்கூடிய ஆய்வைத் தொடங்கி வைத்ததும் அவர்தான். அந்த எண்களை அவருடைய சங்கம் மறைக்கவில்லை, வெளியிட்டது. இன்றைய நிறுவனங்கள் எத்தனை அப்படிச் செய்யும்?

சட்டத்தைத் திருப்ப முடியவில்லை, எருமைகள் திரும்ப வரவில்லை. பின்னாளில் அனுமதிச் சீட்டோடு கிராம மக்களே உள்ளே வந்து புல் அறுத்து எடுத்துப்போகும் ஏற்பாடு வந்தது.

கொக்கு வராத குளிர்காலம்

சலீம் அலி இறந்த 1987-ல்தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் நீர்நிலைகளுக்குப் போய் எண்ணுகிறார்கள். 1990-ல் அவர் பெயரில் பறவையியல், இயற்கை வரலாற்று மையம் கோவை அருகே ஆனைகட்டியில் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர், அதே விஜயன். பரத்பூரில் எருமையையும் புல்லையும் அளந்தவர் நம் ஊர்ப் பக்கம் வந்து நிறுவனத்தைக் கட்டினார்.

பரத்பூரின் எண்களில் ஒன்று மட்டும் திரும்பவே இல்லை. சைபீரியப் பெருங்கொக்கு. தூய வெள்ளை உடல், சிவந்த முகம், 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஆப்கானிஸ்தான் வழியாக வரும் பறவை. இந்தியாவில் அது தவறாமல் வந்த இடம் பரத்பூர். 1960-களின் நடுவில் சுமார் 200 வந்தன. வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கடைசியாக 2002-ல் ஒரே ஒரு ஜோடி. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வழியில் நடந்த வேட்டைக்கும் போருக்கும் பரத்பூர் பொறுப்பாக முடியாது. ஒரு வலசைப் பறவையின் பாதையில் ஒரு நிறுத்தத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பது சலீம் அலியின் வளையங்கள் ஏற்கெனவே காட்டிய பாடம்.

2003-க்குப் பிறகு வேறொரு நெருக்கடி. மேலே கரௌலி மாவட்டத்தில் கம்பீர் ஆற்றின் குறுக்கே உள்ள பாஞ்ச்னா அணையிலிருந்து தண்ணீர் வருவது நின்றது. அணைப் பகுதி விவசாயிகள் முதலில் தங்கள் வயலுக்கு என்றார்கள். 1947-க்குப் பிறகு எழுந்த அதே வாதம், இன்னொரு ஊரிலிருந்து. பூங்கா காய்ந்தது. காய்ந்த தரையில் நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம் பரவியது. அதை வேரோடு பிடுங்கும் வேலையைச் சுற்றுவட்டாரக் கிராம மக்களிடமே கொடுத்தார்கள். வெட்டிய விறகு அவர்களுக்கு. 1982-ல் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் அடுத்த தலைமுறை இப்படி உள்ளே வந்தது. இந்தச் சுற்றில் சுடவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

பூங்காவுக்கு ஒரு வருஷத்துக்குத் தேவைப்படும் நீர் சுமார் 550 மில்லியன் கன அடி. இப்போது அது பல கைகளிலிருந்து வருகிறது: கோவர்தன் வடிகாலில் இருந்து குழாய் வழியாக, சம்பல் ஆற்றுக் குடிநீர்த் திட்டத்தில் ஒரு பங்கு, நல்ல மழை பெய்தால் பாஞ்ச்னாவின் உபரி. சூரஜ்மல் காலத்தில் வெள்ளத்தோடு வந்த மீன்குஞ்சுகள் குழாயில் அதே அளவில் வருவதில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பூங்கா அதிகாரிகள் மழைக் கணக்கையும் மதகுக் கணக்கையும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நீங்கள் அவ்வளவு மெனக்கெட வேண்டாம். செப்டம்பர் கடைசியில் போய் அந்தக் கருவேல மரங்களை அண்ணாந்து பாருங்கள். தண்ணீரும் மீனும் போதவில்லை என்றால் மஞ்சள் மூக்கு நாரைகள் அந்த வருஷம் கூடே கட்டாது.